நாக்கைத் தாண்டி ஓடும் விஸ்கி

"சரக்குல என்னடா ருசி வேண்டிக் கெடக்கு? ஏறுச்சா இல்லையா, அவ்ளோதான் மேட்டர்."

நண்பன் ஒருவன் திருவாய் மலர்ந்தருளிய தத்துவம் இது. அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இதே வசனத்தை டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுக் கொல்லையில் கேட்டிருக்கிறேன், மதுவிலக்கு வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களிடம் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். குடிக்கிறவனும் குடியை வெறுக்கிறவனும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான்: குடிகாரனுக்கு எதுக்கு ருசி?

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிரானது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எனக்கு வயது 24. தமிழ்நாட்டில் மது வாங்க 21 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் தம்பி தங்கச்சிகள் படிக்கலாம், செய்து பார்க்க வேண்டாம். குடிக்காதவர்களைக் குடிக்க வைப்பது என் வேலை இல்லை. குடிக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசப் போவது கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா பொங்கலுக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். (ஒரத்தநாட்டுப் பக்கம் பாதி வீட்டுக்கு சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா உண்டு.) விமானத்தில் வருகிற ஒருவர் வரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம். நான் கேட்டது விஸ்கி இல்லை. ஒரு பாட்டில் கம்பாரி, ஒரு பாட்டில் இத்தாலிய இனிப்பு வெர்மூத். அவர் என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார், போனில் தெரியவில்லை :)

கம்பாரி என்பது இரத்தச் சிவப்பில் இருக்கும் கசப்பு மது. 1860இல் இத்தாலியின் நொவாராவில் காஸ்பரே கம்பாரி என்பவர் ஆரம்பித்தது. மூலிகைகளையும் பழத்தோலையும் சாராயத்தில் ஊறவைத்து, சர்க்கரை சேர்ப்பார்கள். இந்தக் கசப்பு மதுக்களில் பல மருந்தாகப் பிறந்தவை. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 1824இல் வெனிசுலாவில் ஒரு ஜெர்மன் ராணுவ டாக்டர் வயிற்றுக் கோளாறுக்காகத் தயாரித்தது. நம்ம ஊர் அரிஷ்டத்துக்கு இவர்கள் எல்லாம் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பாரியையும் விஸ்கியையும் சேர்த்துச் செய்யும் பானங்களில் பழையது ஒன்று, புல்வார்டியே. பெயரில் 'புல்' இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மொத்தமே 100 மில்லி சொச்சம்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்த நாட்களில் தாகமெடுத்த அமெரிக்கர்கள் பாரிஸில் குவிந்தார்கள். எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கர் அங்கே 'புல்வார்டியே' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். ஹாரி மெக்எல்ஹோன் என்ற மதுக்கூடக்காரர் 1927இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பானம் அவர் பெயரோடு வருகிறது. அமெரிக்க பர்பன் விஸ்கி ஒரு பங்கு, கம்பாரி ஒரு பங்கு, இனிப்பு வெர்மூத் ஒரு பங்கு. அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் விஸ்கியைக் கொஞ்சம் கூட்டி 45, 30, 30 மில்லி என்று ஊற்றுகிறார்கள். இனிப்பு வெர்மூத்துக்குப் பதில் இனிப்பில்லாத வெர்மூத் போட்டு, பர்பனுக்குப் பதில் ரை விஸ்கி ஊற்றினால் அது 'ஓல்டு பேல்', அதாவது பழைய கூட்டாளி.

இதைப் படித்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது பாரிஸ் இல்லை, அப்பாயி. சித்திரை ஒன்றாம் தேதி அப்பாயி செய்யும் வேப்பம்பூ பச்சடி. மாங்காய், வெல்லம், வறுத்த வேப்பம்பூ. இனிப்பு முன்னால் வரும், புளிப்பு நடுவில் நிற்கும், கசப்பு கடைசியில் தொண்டையோரம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கும். புல்வார்டியேவின் எலும்புக்கூடும் இதேதான். கசப்பை ரசிக்க ஒரு தனி நாக்கு வேண்டும், அது வெள்ளைக்காரனுக்குத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் சுண்டை வற்றலைக் காட்டுங்கள். மணத்தக்காளி, பாகற்காய், அகத்திக்கீரை, வேப்பம்பூ ரசம் என்று வருஷம் முழுக்கக் கசப்பை விரும்பித் தின்கிற ஜனம் நாம். ஆக நாக்கில் கோளாறு இல்லை.

நான் படிப்பது கால்நடை மருத்துவம். மருந்தியல் வகுப்பில் 'பிட்டர்ஸ்' என்று ஒரு பாடம் வரும். மாடு தீனி எடுக்கவில்லை என்றால் கசப்பு மருந்து கொடுப்பார்கள்: ஜென்ஷியன் வேர், நிலவேம்பு, எட்டிக்கொட்டைத் தூள். (எட்டிக்கொட்டை விஷம். அளவு தெரிந்த வைத்தியர் கையில் மட்டும்தான் அது மருந்து. யாரும் விளையாட வேண்டாம்.) கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும், வயிறு விழித்துக்கொள்ளும். இதில் பரீட்சைக்குக் கேட்கிற குறிப்பு ஒன்று உண்டு: குழாய் விட்டு நேராக வயிற்றில் இறக்கினால் இந்த வேலை நடக்காது, நாக்கில் பட்டே ஆக வேண்டும். அதனால்தான் லேகியம் மாதிரி குழைத்து மாட்டின் நாக்கில் தடவுவார்கள். ஜென்ஷியன் என்ற அதே வேர்தான் அங்கோஸ்டுராவின் கசப்பும். சாப்பாட்டுக்கு முன்னால் இத்தாலிக்காரன் கம்பாரி குடிப்பதும் இதே கணக்கில்தான். இந்த மாட்டுக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம்.

நண்பன் வீட்டு மொட்டை மாடி. ஆறு பேர், எல்லோரும் 21 தாண்டியவர்கள். குடிக்காத ஒருவன் குறிப்பெடுக்க. அளவுக்கு என்னிடம் ஊசி மருந்து இழுக்கும் சிரிஞ்ச் இருந்தது (புதுசுதான், பயப்படாதீங்க). ஐஸ் போட்டு முப்பது விநாடி கிண்டி, வடிகட்டி, ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் கொல்லையில் காய்த்த நார்த்தங்காயின் தோலைச் சீவி, எண்ணெய் மேலே தெறிக்கிற மாதிரி ஒரு முறுக்கு. நார்த்தங்காய்த் தோல் ஆரஞ்சை விடப் பல மடங்கு வாசம். இதில் மட்டும் பாரிஸ் தோற்றது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் ஊற்றிய விஸ்கி நம்ம ஊரில் எல்லோரும் வாங்குகிற ரகம். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைச் சொன்னாலும் கதை ஒன்றுதான். குடித்துப் பார்த்தோம். கம்பாரி தெரிகிறது. வெர்மூத் தெரிகிறது. நார்த்தங்காய் தெரிகிறது. விஸ்கியைக் காணோம். கல்யாண வீட்டுக்கு எல்லோரும் வந்து மாப்பிள்ளை மட்டும் வராத மாதிரி. விஸ்கியை 60 மில்லிக்குக் கூட்டினோம். தொண்டை எரிந்தது. ருசி வரவில்லை.

அப்போதுதான் இதை ஒழுங்காகச் சோதித்தால் என்ன என்று தோன்றியது. ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் அந்த விஸ்கி போட்ட புல்வார்டியே. ஒன்றில் விஸ்கிக்குப் பதில் உள்ளூர் வோட்கா, நிறத்துக்கு வீட்டில் கருக்கிய சர்க்கரை இரண்டு சொட்டு. எது மாறுபட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பது கணக்கு. சரியாகச் சொன்னது இரண்டு பேர். அடுத்த நாள் அதே சோதனையை பெங்களூரில் காய்ச்சிய பார்லி சிங்கிள் மால்ட்டை வைத்துச் செய்தோம். ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். சந்தேகப்படுகிறவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஏன் இப்படி? விஸ்கி என்பது தானியத்தை ஊறவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி, மரப்பீப்பாயில் வைத்து எடுப்பது. ஐரோப்பாவில் தானியம் இல்லாமல் செய்ததையும், மூன்று வருடம் மரத்தில் இல்லாததையும் விஸ்கி என்று விற்க முடியாது. நம் நாட்டில் சாதாரண விஸ்கிகளின் அடிப்படை நியூட்ரல் ஸ்பிரிட். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், நியூட்ரல்: வாசமும் ருசியும் எஞ்சாத அளவுக்குச் சுத்தம் செய்த சாராயம். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் இருந்தும் வரும், உடைந்த அரிசி, சோளம் போன்ற தானியத்தில் இருந்தும் வரும். அதோடு கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட், கருக்கிய சர்க்கரை நிறம், ரகத்தைப் பொறுத்து வாசனை. நம் விதிகளும் இதை விஸ்கி என்றே ஒத்துக்கொள்கின்றன. வோட்காவும் அதே நியூட்ரல் ஸ்பிரிட்தான், நிறம் மட்டும் இல்லை. பிறகு என் நண்பர்கள் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்?

இதைச் சோடாவிலோ கோலாவிலோ கலந்து குடித்தால் தெரியாது. கோலா எல்லாவற்றையும் மூடிவிடும். கசப்பு மூடாது. கம்பாரி ஒரு கறாரான வாத்தியார் மாதிரி, எதிரே நிற்பவனிடம் "நீ யாரு, எந்த ஊரு, என்ன படிச்சிருக்க?" என்று கேட்கும். பார்லி பதில் சொல்லும். பீப்பாய் பதில் சொல்லும். நிறமேற்றிய ஸ்பிரிட் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். எனக்குப் புல்வார்டியே பிடித்துப்போன காரணம் இதுதான்.

"இந்தியாவில் நல்ல விஸ்கி வராதுப்பா, வெயில் ஜாஸ்தி" என்று ஒரு குரூப் சொல்லும். வெயிலில் பீப்பாயில் இருந்து ஆவியாகிற அளவு ஸ்காட்லாந்தைவிட நம் நாட்டில் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. அதே வெயில் விஸ்கியைச் சீக்கிரம் முதிர வைக்கிறது என்பதும் உண்மை. பெங்களூர் அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் விற்றது கிளாஸ்கோவில், அதாவது ஸ்காட்லாந்துக்காரன் வாசலில். 2010ஆம் ஆண்டுக்கான ஜிம் முர்ரேயின் விஸ்கி கையேடு அம்ருத் ஃபியூஷனை உலகத்தில் மூன்றாவது இடத்தில் வைத்தது. எனவே வெயில் மேல் பழி போட வேண்டாம்.

மால்ட் என்றால் ஏதோ வெளிநாட்டு வித்தை என்றும் நினைக்க வேண்டாம். மால்ட் என்பது முளைகட்டிய தானியம். பெரும்பாணாற்றுப்படையில் மது காய்ச்சும் முறை ஒன்று வருகிறது. அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேறல் வருகிறது. மரத்தில் முதிர வைப்பதன் அருமை தெரிந்த ஆட்கள்! அந்த வரிசையில் வந்த நமக்குத்தான் "சரக்குல என்ன ருசி" என்று பாடம் நடக்கிறது.

எங்கே அறுந்தது என்று தேடினால் வரலாறு சுருக்கமாக இப்படி இருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுக்க. 1971இல் கலைஞர் ஆட்சியில் திறந்தார்கள், 1974க்குள் மறுபடி மூடினார்கள், 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக். 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. சாராயக் கடை 1990இல் வந்து 1991இல் போனது, கள் இதுவரை திரும்பவில்லை. 2003 நவம்பரில் இருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கையில். அமெரிக்க மதுவிலக்கு பாரிஸில் புல்வார்டியேவைப் பெற்றது. நம் மதுவிலக்கு வார்னிஷையும் மருந்துக் கடை டிஞ்சரையும் குடிக்கப் பழக்கியது. அதுவும் கசப்புதான், ஆனால் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஒளிந்து குடிக்கிறவனுக்கு நேரம் கிடையாது, ஒரே மடக்கு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். கடை திறந்த பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை என்பது என் கட்சி.

சரி, புலம்பல் போதும். சித்தப்பா கொண்டுவந்த பாட்டில் தீர்ந்தால் என்ன செய்வது? ஒரத்தநாட்டுக் கொல்லையில் இருப்பதை வைத்து புல்வார்டியே செய்ய முடியுமா? மூன்று வாரம் இதே வேலையாக இருந்தேன்.

முதலில் வெர்மூத். அந்தப் பெயரே எட்டி மாதிரி கசக்கும் ஒரு ஐரோப்பியச் செடியின் ஜெர்மன் பெயரில் இருந்து வந்தது. அந்தச் செடியின் பேரினம் ஆர்ட்டெமிசியா. அதே பேரினத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார்: மரிக்கொழுந்து! தஞ்சாவூர்க் கதம்பத்தில் கட்டுவார்களே, அதேதான். நூறு வருஷமாக நம் ஊர்ப் பெண்கள் தலையில் வெர்மூத் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், நாமும் பின்னாலேயே போயிருக்கிறோம் :) கோவாவில் செய்கிற இனிப்புச் சிவப்பு போர்ட் ஒயின் 200 மில்லியில் நான்கு கொத்து மரிக்கொழுந்து, ஒரு ஏலக்காய், சின்னத் துண்டு பட்டை, நார்த்தங்காய்த் தோல் கொஞ்சம். ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். பூக்கடையில் வாங்கிய மரிக்கொழுந்து கூடாது, என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. தொட்டியில் வளர்த்ததுதான் சரி.

அடுத்தது கம்பாரிக்கு மாற்று. நிலவேம்பில் ஆரம்பித்தேன். வேலைக்கு ஆகாது. அதன் கசப்பு ஒற்றைக் கசப்பு, மண்டையில் ஆணி அடித்த மாதிரி நேராக இறங்குகிறது, சுற்றிலும் ஒரு வாசமும் இல்லை. அரசாங்கம் டெங்கு சமயத்தில் கொடுத்த கஷாயத்தின் நினைவுதான் வருகிறது. ஒரே அரசாங்கம் ஒரு கையால் நிலவேம்பையும் இன்னொரு கையால் விஸ்கியையும் கொடுக்கிறது, இரண்டையும் கலந்தால் நல்லாவா இருக்கும்? தசமூலாரிஷ்டம் 5 மில்லி விட்டுப் பார்த்தேன். திராட்சை, வெல்லம், தேன், காட்டாத்திப் பூ எல்லாம் போட்டுப் புளிக்கவைத்தது என்பதால் அது கசப்பு மதுவைவிட வெர்மூத் பக்கம்தான் சாய்கிறது. நன்றாகவே இருந்தது. ஆனால் அது மருந்து, வைத்தியர் அளவு சொல்லிக் குடிப்பது, அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

ஜெயித்தது வேப்பம்பூ. அப்பாயி பங்குனியில் துணி விரித்துப் பொறுக்கிக் காயவைத்த பூ. வெறும் சட்டியில் லேசாகச் சிவக்க வறுக்க வேண்டும், நெய் கூடாது. ஒரு தேக்கரண்டி பூவை 100 மில்லி வோட்காவில் இரண்டு மணி நேரம் போட்டு வடிகட்டி, 50 மில்லி கருப்பட்டிப் பாகு சேர்த்தேன். அதற்கு மேல் ஊறினால் பச்சைக் கசப்பு ஏறிவிடும். நிறம் கம்பாரி மாதிரி சிவப்பு இல்லை, குளத்துத் தண்ணீர் நிறம். போட்டோவுக்கு ஆகாது.

கடைசியில் நின்ற அளவு: சிங்கிள் மால்ட் 45 மில்லி, மரிக்கொழுந்து ஒயின் 30, வேப்பம்பூ 20. முதல் வாயில் கருப்பட்டியின் புகை. அப்புறம் மூக்கு வழியாக மரிக்கொழுந்து ஏறுகிறது, யாரோ கதம்பம் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. அதற்குக் கீழே பார்லி. எங்கேயோ பழகின வாசமாக இருக்கிறதே என்று யோசித்தால், நெல் அவிக்கும்போது அண்டாவைத் திறந்தால் வருமே ஒரு வாசம், அதற்கு ரொம்பப் பக்கம். எல்லாம் போன பிறகு வேப்பம்பூ வருகிறது, வந்தால் பத்து நிமிஷத்துக்கு அடுத்த வாய் தேவைப்படாது. ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். மரிக்கொழுந்தைக் குறைத்து இஞ்சி சேர்த்தது ஒன்று, கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் போட்டது ஒன்று என்று இன்னும் சில செய்தோம். வெல்லம் வேண்டாம், தட்டையாக இருக்கிறது.

இதே அளவில் நம்ம ஊர் விஸ்கியை ஊற்றியும் பார்த்தோம். மரிக்கொழுந்து, வேப்பம்பூ, கருப்பட்டி எல்லாம் ஆஜர். மாப்பிள்ளை மறுபடி வரவில்லை.

பெருநகர பார்களில் இப்போது கறிவேப்பிலை, ரசப்பொடி எல்லாம் தூவி 'நம்ம மண்ணின் காக்டெயில்' என்று விற்கிறார்களாம். விற்கட்டும். நான் அந்த மேஜைக்கு ஆள் சேர்க்கவில்லை.

இப்போது எனக்கு விழ வேண்டிய அடிக்கு வருகிறேன். "ஊருல தாலி அறுந்து கெடக்கு, நீ மாடியில உட்கார்ந்து மரிக்கொழுந்து ஊறவைக்கிறியா?" நியாயமான கேள்வி. இதைக் கேட்காதவனோடு எனக்குப் பேச்சே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, 46 வயதில் கல்லீரல் போய்ச் செத்தார். அத்தை இன்றைக்கும் நடவுக்குப் போகிறது. மாமா குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குவார்ட்டரைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணி பாக்கெட்டைக் கடித்துக் கலந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. முகம் கோணும். உடனே ஊறுகாய். "நாக்குல படாம உள்ள தள்ளணும்டா, பட்டா வாந்தி வரும்" என்று எனக்கே சொல்லியிருக்கிறார். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டரை புல்வார்டியேவின் சாராயம், ஐந்து நிமிஷத்தில். மாட்டுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்தைக்கூட நாக்கில் படும்படி தடவு என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். என் மாமா தன் நாக்கைத் தானே தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ருசி தெரிந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ருசித்துக் குடிப்பவன் குறைவாகக் குடிப்பான் என்பதும் எனக்குத் தெரிந்து பாதி உண்மைதான். ஸ்காட்லாந்தில் நல்ல விஸ்கிக்குப் பஞ்சமில்லை, குடியால் சாகிறவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. குடி நோய்க்கு மருந்து வேறு, அதை டாக்டர்கள் பேசட்டும். என் கேள்வி சின்னது. மாமா வாங்கிய பாட்டிலில் 'விஸ்கி' என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது அதுதானா என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்ததா இல்லையா? குடிகாரனுக்கு எதுக்கு ருசி என்று கேட்கிற ஒவ்வொருவரும் "இல்லை" என்று பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் கடைக்கும் கம்பெனிக்கும் வசதி. எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடி விழுங்குவான், ஆக எதையும் கொடுக்கலாம்.

அரசு தரப்பு வாதம் எனக்குப் புரிகிறது. கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனாலில் செத்தார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். கடைச் சரக்கில் சாராய அளவு சோதிக்கிறார்கள், விஷம் கலக்கவில்லை என்று பார்க்கிறார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது விஷம் இல்லை என்று சொல்லும் சோதனை. அது என்ன என்று சொல்வது வேறு. 2023-24இல் மட்டும் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அவ்வளவு கொடுத்தவனுக்கு லேபிளில் நான்கு வரி பதில் சொல்லக் கூடாதா?

நான் பார்த்த பாட்டில்களில் பின்பக்கம் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் "நியூட்ரல் ஸ்பிரிட், மால்ட் ஸ்பிரிட், அனுமதிக்கப்பட்ட நிறம்" என்று இருக்கிறது. மால்ட் எவ்வளவு என்று இல்லை. மொலாசஸா தானியமா என்று பல பாட்டிலில் இல்லை. மரத்தில் எத்தனை மாதம் என்று இல்லை. முன்பக்கம் மட்டும் தங்க எழுத்தில் கோட்டை, குதிரை, கிரீடம்.

கள்ளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி முழுக்கத் தென்னை. 2018 நவம்பர் கஜா புயலில் சாய்ந்தது போக மிச்சம் நிற்கிறது, புதிதாக வைத்ததும் காய்க்க ஆரம்பித்துவிட்டது. அந்த மரத்தில் இருந்து அன்றன்றைக்கு இறக்கி, காலையில் ஒரு ருசியும் சாயங்காலம் ஒரு ருசியுமாக மாறுகிற, குவார்ட்டரில் பத்தில் ஒரு பங்குச் சாராயம்தான் இருக்கிற கள்ளுக்கு இங்கே தடை. பக்கத்தில் காரைக்காலில் கள்ளுக்கடை உண்டு. ருசி உள்ளதைத் தடுத்துவிட்டு ருசியே இல்லாததை அரசே விற்பதற்கு என்ன நியாயம் என்று யாராவது எனக்கு விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எங்க ஊரில் அறுப்பு முடிந்ததும் நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போவார்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அங்கே ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கும். 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். மழை வருஷத்தில் அந்த இரண்டு மூன்று சதவீதத் தளர்வுக்காக டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், ரோட்டில் நெல் முளைக்கும். கருக்காய், கல், தூசி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நெல்லை விற்ற காசில் ஒரு பகுதியோடு அதே ஆள் சாயங்காலம் இன்னொரு கடைக்குப் போகிறார். தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். பெயரில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அவர் கொடுத்ததைத் தசமத்தில் அளந்தவர்கள், தாங்கள் கொடுப்பது எதில் காய்ச்சியது, அதில் மால்ட் எத்தனை சதவீதம், மரத்தில் எத்தனை மாதம், நிறம் எங்கிருந்து வந்தது என்று பாட்டிலின் முன்பக்கம், தமிழில், மது கேடு என்று எச்சரிக்கிற அதே எழுத்து சைஸில் போட வேண்டும். அதைப் போட்ட பிறகு அந்தப் பாட்டிலை விஸ்கி என்று கூப்பிடலாமா வேண்டாமா என்பதை வாங்குகிறவரே முடிவு செய்துகொள்வார்.